ஆல்வேன் அலையும் மேற்கோள் கணக்கும்

1942 அக்டோபரில் ‘நேச்சர்’ இதழில் சுவீடன் இயற்பியலாளர் ஹான்னஸ் ஆல்வேன் ஒரு சிறு குறிப்பு எழுதினார். மின்சாரம் கடத்தும் திரவம் காந்தப்புலத்துக்குள் இருந்தால், அதுவரை யாரும் அறியாத ஒரு வகை அலை அதில் ஓடும் என்பதுதான் செய்தி. இன்று அது பிளாஸ்மா இயற்பியலின் அடித்தளங்களில் ஒன்று. அன்றோ, பெரும்பாலானவர்கள் அதை நம்பவில்லை.

ஓர் ஆய்வாளரின் பெயரைத் தட்டினால் எத்தனை கட்டுரைகள், எத்தனை மேற்கோள்கள், எச்-இன்டெக்ஸ் எவ்வளவு என்று கூகுள் ஸ்காலர் நொடியில் காட்டுகிறது. வேலை, பதவி உயர்வு, ஆய்வு நிதி என்று எதற்கு விண்ணப்பித்தாலும் இந்த எண்கள் கூடவே போகின்றன. அவை எதைப் பிடிக்கின்றன, எதை நழுவவிடுகின்றன என்பதை ஆல்வேனின் கதையை வைத்தே பார்க்கலாம்.

முதலில் அந்த அலை. வாயுவை மிகவும் சூடாக்கினால் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரிந்து, மின்னேற்றம் கொண்ட துகள்களின் கூட்டமாகிறது. அதுதான் மின்சாரம் கடத்தும் பிளாஸ்மா; சூரியன் முழுவதும் அதுவே. பிளாஸ்மாவுக்குள் ஓடும் காந்தப்புலக் கோடுகள் வீணைத் தந்திபோல விறைப்பாக இருக்கின்றன. ஓரிடத்தில் அசைத்தால் அந்த அசைவு கோட்டின் வழியே பயணிக்கும். புலம் வலுத்தால் வேகம் கூடும். பிளாஸ்மா அடர்ந்தால் வேகம் குறையும்.

இதை ஏன் நம்பவில்லை? நல்ல மின்கடத்திக்குள் மின்காந்த அலை ஊடுருவாது என்பது பாடநூல் அறிவு. அப்படியோர் அலை இருந்தால் மின்காந்தவியலின் சமன்பாடுகளை வகுத்த மாக்ஸ்வெல்லே கண்டுபிடித்திருப்பாரே என்றார்கள். 1948இல் ஆல்வேன் சிகாகோவில் உரையாற்றியபோது இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மி தலையசைத்து ஆமோதித்தார் என்றும், அதன்பிறகே மற்றவர்கள் ஏற்றார்கள் என்றும் இத்துறையினர் சொல்வதுண்டு. 1949இல் பாதரசத்திலும் 1954இல் உருகிய சோடியத்திலும் சோதனைகள் நடந்தன. சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவில் இவ்வகை அலைகள் பரவலாக ஓடுவதைத் தொலைநோக்கிகள் காட்டியது 2007இல்தான். குறிப்பு வந்து 65 ஆண்டுகளுக்குப் பிறகு.

பிளாஸ்மா இயற்பியலில் இந்தக் காத்திருப்பு புதிதல்ல. கோட்பாட்டைச் சோதிக்க விண்கலம் வேண்டும், அல்லது பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் அடைத்துவைக்கும், பல ஆண்டுகள் கட்ட வேண்டிய டோக்கமாக் உலை வேண்டும். கட்டுரை வெளிவந்த முதல் சில ஆண்டுகளின் மேற்கோள்களை மட்டும் பார்த்து எடைபோட்டால் இத்துறைக்குப் பெரும் அநீதி நேரும் என்பது என் உறுதியான எண்ணம்.

முன்பு சொன்ன எச்-இன்டெக்ஸை 2005இல் முன்வைத்தவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தைச் சேர்ந்த இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ். ஆல்வேனும் 1967 முதல் அங்கே பேராசிரியராக இருந்தவர். கணக்கு எளிது. குறைந்தது 40 மேற்கோள்களாவது பெற்ற கட்டுரைகள் ஒருவருக்கு 40 இருந்தால் அவருடைய எண் 40. ஒரே ஒரு கட்டுரை பத்தாயிரம் மேற்கோள் வாங்கியிருந்தாலும் எண் 1தான். தொடர்ந்து எழுதுபவருக்கு இந்த அளவுகோல் சாதகம். அரிதாக எழுதி ஒரு துறையையே திறந்துவிடுபவருக்குப் பாதகம். உயிரியலாளர்களின் எண்கள் இயற்பியலாளர்களுடையதைவிடப் பெரிதாக இருப்பதை ஹிர்ஷே தன் கட்டுரையில் குறிப்பிட்டிருந்தார். ஆகவே துறை தாண்டி ஒப்பிடுவது வீண்.

ஒரே துறைக்குள்ளும் சிக்கல் உண்டு. 2023 வரை இயங்கிய இங்கிலாந்தின் ஜெட் போன்ற அணுக்கரு இணைவு உலைகளிலிருந்து வரும் முக்கியக் கட்டுரைகளில் நூற்றுக்கணக்கான பெயர்கள் இருக்கும். அந்தக் கட்டுரைக்கு வரும் ஒவ்வொரு மேற்கோளும் அத்தனை பேர் கணக்கிலும் ஏறும். அறையில் தனியே சமன்பாடு எழுதும் கோட்பாட்டாளரை அவர்களுக்குப் பக்கத்தில் நிறுத்தி எண் பார்ப்பதில் பொருளில்லை.

இன்னொன்று, பெருவெற்றியே மேற்கோளை அழித்துவிடும். ‘ஆல்வேன் அலை’, ‘ஆல்வேன் வேகம்’ என்று இன்று எழுதுபவர்களில் பலர் 1942 குறிப்பை அடிக்குறிப்பில் சேர்ப்பதில்லை, பெயரே போதும். 2021இல் பார்க்கர் விண்கலம் சூரியனைச் சூழ்ந்த ‘ஆல்வேன் பரப்பை’க் கடந்தது என்று உலகமெங்கும் செய்தி வந்தது. அந்தப் பெயரை எத்தனை கோடிப் பேர் படித்திருந்தாலும் மேற்கோள் கணக்கில் ஒன்றுகூட ஏறாது.

மேற்கோள் எதற்காகக் காட்டப்பட்டது என்பதையும் எண் சொல்லாது. காந்தப்புலக் கோடுகள் பிளாஸ்மாவோடு ‘உறைந்து’ ஒட்டி நகர்கின்றன என்ற கருத்தைத் தந்தவரும் ஆல்வேன்தான். 1970இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில், அந்தக் கருத்து பல இடங்களில் தவறான வழிக்கு இட்டுச் செல்கிறது என்று அவரே எச்சரித்தார். விண்வெளிப் பிளாஸ்மா ஆய்வில் அது இன்றும் அன்றாடக் கருவி. அதை அப்படியே ஏற்று எழுதும் கட்டுரையும், அது எங்கே உடைகிறது என்று ஆராயும் கட்டுரையும் அவரை மேற்கோள் காட்டினால், இரண்டும் ஒரே மதிப்போடு அவர் கணக்கில் சேர்கின்றன.