தேவையறிந்து செயலாற்றுவோம்

நெசவாளர் சங்கமொன்றில் விற்பனை குறைந்தால், உடனே பயிற்சி வகுப்புக்குத் தீர்மானம் நிறைவேற்றுவது வழக்கமாகிவிட்டது. பயிற்சி நன்றே. ஆயினும் நோய் இன்னதென்றறியாமல் மருந்தளிப்பது முறையாகுமா? செலவாவது அங்கத்தினரின் பங்குப் பணமன்றோ!

1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள், இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளரும் பிற தொழிலாளரும் தமது கூட்டுறவுப் பண்டகசாலையைத் திறந்தனர். கையிருந்த முதல் சிறிது. மாவு, வெண்ணெய், சர்க்கரை முதலிய அன்றாடத் தேவைகளை மட்டுமே வைத்தனர். தேவையறிந்து தொடங்கியதால் அது வேரூன்றியது.

நாமும் அவ்வாறே ஆராய்தல் வேண்டும். முதலாவது, மூன்று மாதங்களில் ஒவ்வொரு தறியும் எத்தனை நாள் நின்றது, ஏன் நின்றது எனப் பதிவேட்டில் குறிப்போம். நூல் வராமையா, பாவு தயாராகாமையா, கூலி பாக்கியா, கைத்திறன் குறைவா என்று காரணங்களை வகைப்படுத்துவோம். அடுத்து, நெய்பவர், தார் சுற்றும் பெண்கள், விற்பனையாளர் அனைவரையும் கேட்போம். கூட்டத்தில் வாய் திறவாதவரும் தறியருகில் மனம் திறப்பர்.

காரணம் தெரிந்தால் வழி பிறக்கும். சாயம் நிலைக்கவில்லையெனில் நெசவாளர் சேவை மையத்தின் பயிற்சியை நாடலாம். நூல் தாமதமெனில் எப்பயிற்சியும் உதவாது. கொள்முதல் முறையையே திருத்த வேண்டும்.

அடுத்த ஆண்டும் அதே பதிவேட்டைப் பார்ப்போம். தறி நின்ற நாட்கள் குறைந்திருப்பின், நாம் தேவையைச் சரியாகவே அறிந்தோமென்பது தெளிவாகும்.