டிஎன்ஏவில் இருந்து ஜெல்: மருந்தை எப்படிச் சுமக்கிறது?

டிஎன்ஏ என்றதும் பரம்பரை, டிஎன்ஏ டெஸ்ட் இதெல்லாம்தான் ஞாபகம் வரும். ஆனால், அதிலிருந்தே ஜெல்லி மாதிரி ஒரு பொருளும் செய்யலாம். 2006-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டான் லுவோ குழு இதைச் செய்துகாட்டியது.

எப்படி? எக்ஸ், ஒய் எழுத்து வடிவில் கிளைவிடும் டிஎன்ஏ துண்டுகளை முதலில் தயாரிக்கிறார்கள். லிகேஸ் என்ற நொதி அவற்றின் முனைகளை ஒட்டவைத்து வலையாக்குகிறது. வலைக்குள் தண்ணீர் தங்கினால், ஜெல் ரெடி!

இதுல என்ன ஸ்பெஷல்? அதிகச் சூடோ, கடுமையான ரசாயனமோ தேவையில்லை. அதனால் இன்சுலினை மட்டுமல்ல, உயிருள்ள செல்களையும் உள்ளே வைத்தே ஜெல்லை உருவாக்கலாம்.

சிக்கலும் இருக்கு. நம் உடலின் நொதிகள் டிஎன்ஏவை வெட்டிவிடும். வேலை முடிந்ததும் கரைந்தால் ப்ளஸ். சீக்கிரமே கரைந்து மருந்தை மொத்தமாகக் கொட்டிவிட்டால் மைனஸ். தயாரிப்புச் செலவும் அதிகம். இந்த இரண்டையும் தாண்டினால்தான் ஆய்வக ஜெல், நோயாளியின் கைக்கு வரும்.