நிலத்தில் அகப்படும் பழைய இரும்புக் கருவிகள்

கோடையில் ஏரி வண்டல் எடுக்கும்போதும், கிணறு வெட்டும்போதும், மேட்டைச் சமன்செய்து வயலாக்கும்போதும் துருவேறிய இரும்புத் துண்டுகள் கிடைப்பது நமது ஜில்லாவில் அபூர்வமன்று. அவை இன்னவையென்று விளங்காமையால் பெரும்பாலும் பழைய இரும்புக் கடைக்கே போய்ச் சேருகின்றன. சோழவரத்திலிருந்து கும்மிடிப்பூண்டி அதிக தூரமில்லை. அங்குள்ள உருக்காலைகளின் உலையில் ஒருமுறை விழுந்துவிட்டால், நேற்றைய கொழுவாயினும் ஈராயிரம் வருஷத்துக் கோடாலியாயினும் கட்டிடக் கம்பியாகவே வெளிவரும். ஆதலால் நிலச்சொந்தக்காரர்களும் கிராம அதிகாரிகளும் இவற்றை ஒருவாறு பகுத்தறியத் தெரிந்திருப்பது அவசியமாகிறது.

சோழவரத்தையடுத்த ஒரு சிற்றேரியின் வண்டலோடு வந்த ஓர் இரும்புப் பொருளை ஒரு குடியானவர் என்னிடங் கொணர்ந்து காட்டினார். ஏறக்குறைய ஒரு சாண் நீளம், தட்டையானது, ஒரு முனை விரிந்தும், மறு முனையின் இரு ஓரங்கள் உட்புறமாய் மடிந்தும் இருந்தது. வாளின் துண்டென்றனர் ஊரார் சிலர். கோயில் வேலின் அலகென்றனர் வேறு சிலர். புதையலுக்குக் காவலாக வைத்த தகடென்று சொன்னவரும் உண்டு. நல்ல வேளையாக அதனை ஒருவரும் தேய்த்துச் சுத்தம் செய்யவில்லை. மடிப்பினுள் துருவிலேயே மரத்தின் நார் பதிந்திருந்தது. ஆகவே அது காம்பு செருகும் இடமென்பது தெளிவு.

பிறகு தேய்வைக் கவனித்தோம். ஆயுதமாயின் கூர்மை இரு பக்கத்து ஓரங்களிலும் இருத்தல் வேண்டும். இதில் அகன்ற முனையில் மட்டுமே அலகு இருந்தது. கொழுவாயின் தேய்வு நுனியில் மிகுந்து, கீறல்கள் நீளவாக்கில் ஓடும்; உழுபவர் எவரும் இதனை அறிவர். இதிலோ அலகின் ஒரு மூலை மற்றதைக் காட்டிலும் அதிகமாய்க் குறைந்து வட்டமாகியிருந்தது. கையால் ஒரே பக்கமாய்ச் சாய்த்துக் கொத்துகிற கருவிக்குத்தான் இவ்விதத் தேய்வு உண்டாகும். வீட்டிலுள்ள பழைய களைக்கொட்டை எடுத்துவரச் சொல்லிப் பக்கத்தில் வைத்ததும் விவாதம் தீர்ந்தது. அது களை கொத்தும் கருவியே.

ஆனால் அதன் வயதென்ன என்பது வேறு கேள்வி. களைக்கொட்டின் வடிவம் நெடுங்காலமாய் அதிகம் மாறாததால், உருவத்தைக் கொண்டு வயதை நிர்ணயிப்பது இயலாது. தூத்துக்குடி ஜில்லா சிவகளையில் ஈமத்தாழிகளோடு அகப்பட்ட இரும்புப் பொருள்களின் காலம் கி.மு. 3345 வரை பின்னோக்கிச் செல்வதாக, க. ராஜன், இரா. சிவானந்தம் இருவரும் எழுதிய அறிக்கையைத் தமிழ்நாடு அரசாங்கம் 23-1-2025இல் வெளியிட்டது. அக்காலக் கணிப்புக்கு ஆதாரம் இரும்பன்று. அதனுடன் அதே மண்படிவில் கிடந்த கரித்துண்டுகளும் மட்கலங்களுமேயாம். நமது வண்டல் இரும்புக்கு அவ்வித சாட்சி ஒன்றுமில்லை. டிராக்டரில் ஏறியபோதே அது போய்விட்டது. மண்ணிலுள்ள பொருளைப் பிடுங்காமல் அப்படியே விட்டுத் தகவல் சொல்லவேண்டுமென்று வற்புறுத்துவது இதனாலேயே.

நம் பிரதேசம் இவ்விஷயத்தில் வெறும் நிலமன்று. சோழவரம் ஏரிக்கு நீரளிக்கும் கொசஸ்தலையாற்றின் பக்கத்தில், அத்திரம்பாக்கத்தில், 1863ஆம் வருஷம் புரூஸ் ஃபூட், வில்லியம் கிங் என்பவர்கள் ஆதிமனிதரின் கற்கருவிகளைக் கண்டெடுத்தனர். பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த பெரும்பேரிலும், தெற்கே ஆதிச்சநல்லூரிலும் அலெக்ஸாண்டர் ரீ தோண்டியெடுத்த இரும்பு முதலான பொருள்களின் ஜாபிதா 1915இல் சென்னையில் அச்சாயிற்று. நாகபுரிப் பக்கத்துக் கல்வட்டங்களில், தட்டையான இரும்புக் கோடாலியைக் காம்போடு பிணைக்கக் குறுக்காய் வளைத்த இரும்புப் பட்டைகளும் அகப்பட்டுள்ளன. தனியே கிடந்தால் அப்பட்டை இன்னதென்று எவருக்கும் விளங்காது. ஒன்றோடொன்று கிடைப்பவற்றைப் பிரிக்கலாகாது.

அகப்படுவதெல்லாம் பழமையென்று மயங்கவும் வேண்டாம். அடித்துச் செய்த இரும்பு ஏடேடாய்த் துருவேறும். வார்ப்பிரும்பில் அச்சின் வரம்பும், சில வேளை புடைத்த எழுத்துகளும் எண்களும் காணப்படும். நம் பக்கத்தில் அது அநேகமாய்க் கடந்த இரண்டு நூற்றாண்டுக்குள்ளானது. சைதாப்பேட்டையில் 1865இல் ஏற்பட்ட அரசாங்கப் பண்ணையில் சீமைக் கலப்பை முதலிய யந்திரங்கள் பரீட்சிக்கப்பட்டன. லக்ஷ்மணராவ் கிர்லோஸ்கர் 1903 முதல் இரும்புக் கலப்பை செய்யலானார். இவற்றின் உறுப்புகள், வண்டிப்பட்டா, கடையாணி ஆகியவையே மிகுதியாய் வந்து சேருகின்றன.

உருளை வடிவாய், ஒரு முனை கூம்பி, செம்பு வளையம் பூண்ட பொருளானால் தொடவே கூடாது. சோழவரத்தில் இரண்டாம் உலக யுத்த காலத்து விமான ஓடுபாதை உண்டென்பதை யாவரும் அறிவர். அத்தகைய பொருள் குண்டாக இருக்கலாம். ஆட்களையும் மாடுகளையும் விலக்கிவிட்டு உடனே போலீசாருக்கு அறிவிக்கவேண்டும்.

மற்றவற்றைக் கழுவாமலும் எண்ணெயிடாமலும், ஒட்டிய மண்ணோடு உலர்ந்த துணியிற் சுற்றி வைக்கவும். எடுப்பதற்கு முன் அளவுகோலொன்றைப் பக்கத்தில் வைத்துக் கைப்பேசியிற் படம் பிடித்து, சர்வே எண்ணையும் ஆழத்தையும் குறித்துக்கொள்வது நலம். பூண்டியிலுள்ள தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் நமக்குச் சமீபம்.

தெரிவித்தால் நிலம் போய்விடுமென்ற பயமே பலரை மௌனமாக்குகிறது. 1878ஆம் வருஷத்து இந்தியப் புதையல் சட்டம் பொருளைப் பற்றியதேயன்றி நிலத்தைப் பற்றியதன்று. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டவர் எழுத்துமூலம் கலெக்டருக்கு அறிவிக்கவேண்டும். மறைத்தால் தன் பங்கை இழப்பதோடு தண்டனைக்கும் உள்ளாவார். உரிமையற்றதென முடிவானால், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, கண்டவருக்கு முக்கால் பங்கும் நிலச்சொந்தக்காரருக்குக் கால் பங்கும் சேரும். அரசாங்கமே எடுத்துக்கொள்ள விரும்பினால், பொருளின் மதிப்போடு அதில் ஐந்திலொரு பங்கையும் சேர்த்துக் கொடுத்தே பெறவேண்டும். கிராம நிர்வாக அலுவலர்கள் இவ்விவரத்தை வண்டல் அனுமதி கேட்டு வருவோருக்கு அப்போதே எடுத்துச் சொல்வார்களாக.