நிரலும் சூழலும்

ஒரு தொடரின் பொருளை முழுமையாக உணர, அது இடம்பெற்ற சூழலை அறிதல் வேண்டும். இடஞ்சுட்டிப் பொருள் விளக்கும் பயிற்சி இதையே நமக்குக் கற்பிக்கிறது. கணினி நிரலும் அத்தகையதே. ஒரே நிரல் ஓரிடத்தில் சரியாக இயங்கி, வேறோரிடத்தில் தவறான விடை தருவதுண்டு.

நாம் தட்டச்சு செய்யும் கட்டளைகளை ஏற்று, நிரல்களைத் தொடங்கிவைப்பது ஷெல் ஆகும். அது ஒவ்வொரு நிரலுக்கும் பெயரும் மதிப்பும் கொண்ட சில குறிப்புகளை வழங்குகிறது. இவையே சூழல் மாறிகள். 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இம்முறை அறிமுகமானது. 'பாத்' என்னும் மாறி, கட்டளைகளைத் தேடவேண்டிய கோப்புறைகளைக் கூறும். 'லாங்' என்னும் மாறி, பயனரின் மொழியையும் எண்களை எழுதும் மரபையும் உணர்த்தும். ஜெர்மானிய மரபில் பதின்மப் புள்ளிக்கு மாற்றாகக் காற்புள்ளி இடுவர். அம்மரபைப் பின்பற்றும் நிரல், '3.5' என்பதைப் புள்ளியோடு நிறுத்தி, 3 என்றே கொள்ளக்கூடும்.

இத்தகைய பிழைகளைக் கண்டறிய உதவுவது பிழைதிருத்தி. ரிச்சர்டு ஸ்டால்மன் 1986இல் உருவாக்கிய ஜி.டி.பி. இவ்வகையில் புகழ்பெற்றது. நிரலை இடையில் நிறுத்தி, அதன் உள்நிலையை இது காட்டும். யூனிக்ஸ் வகை இயக்க அமைப்புகளில், இது பொதுவாக ஷெல் வழியாகவே நிரலைத் தொடங்குகிறது. சீ ஷெல் போன்றவை தொடங்கும்போதெல்லாம் தமக்குரிய தொடக்கக் கோப்பைப் படிக்கின்றன. அக்கோப்பில் 'லாங்' மாறிக்கு வேறு மதிப்பு இருப்பின், பயனர் முன்னர் அமைத்த மதிப்பு மறைந்துவிடும். வெளியே தோன்றிய பிழை, பிழைதிருத்தியினுள் தோன்றாது. பிழை நீங்கியது எனக் கருதி நிரலை வெளியிட்டால், தவறான கணக்கு பயனரைச் சென்றடையும்.

இதனைத் தவிர்க்கும் வழிகள் எளியவை. ஜி.டி.பி.யில் 'ஷோ என்விரான்மென்ட்' என்னும் கட்டளை, நிரலுக்கு அளிக்கப்படவிருக்கும் மாறிகளைப் பட்டியலிடும். 'செட் என்விரான்மென்ட்' புதிய மதிப்பை அமைக்கும். 'அன்செட் என்விரான்மென்ட்' மாறியை நீக்கும். இம்மாற்றங்கள் நிரலை அடுத்தமுறை தொடங்கும்போதே பயன்தரும். எனினும், தொடக்கக் கோப்பு இவற்றிற்குப் பின்னரே படிக்கப்படுவதால், இவற்றையும் மாற்றிவிடக்கூடும். ஆகவே, அத்தகைய அமைப்புகளைப் பயனர் உள்நுழையும்போது மட்டும் படிக்கப்படும் கோப்பிற்கு மாற்றுதல் நன்று. ஷெல்லின் துணையின்றி நிரலைத் தொடங்குமாறு ஜி.டி.பி.க்கு ஆணையிடவும் இயலும்.

நிரலின் வரிகளை ஆராய்வதற்கு முன் அதன் சூழலை ஆராய்தல், பிழையின் வேரை அறியும் முதற்படியாகும்.