துருவப் பனிக்குப் போன டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய்

கனடாவின் கியூபெக் மாகாணத்து வடகோடியில் வாழும் இனுயிட் தாய்மாரின் தாய்ப்பாலை 1980களின் பிற்பகுதியில் சோதித்தார்கள். சுற்றுவட்டாரத்தில் ஆலைகளே கிடையாது. ஆனாலும் தெற்கே நகரங்களில் வாழும் தாய்மாரைவிடப் பல மடங்கு பிசிபி இருந்தது. டிரான்ஸ்ஃபார்மர்களில் ஊற்றிய குளோரின் கலந்த எண்ணெய் அது. அங்கே எப்படிப் போனது?

தவணை முறையில்தான். வெப்பமான ஊரில் கசிந்தது மெல்ல ஆவியாகிக் காற்றோடு போகும். குளிர்ந்த இடத்தில் படியும். வெயில் ஏறினால் மறுபடி கிளம்பும். துருவக் குளிரில் பெரும்பாலும் தங்கிவிடும். நீரில் கரையாது, கொழுப்பில் நன்றாகக் கரையும். நுண்ணுயிரிலிருந்து மீனுக்கு, மீனிலிருந்து சீலுக்கும் திமிங்கலத்துக்கும் போகப் போகச் செறிவு கூடும். பெலூகா திமிங்கலத்தின் தோலைக் கொழுப்போடு வெட்டிப் பச்சையாக உண்பது இனுயிட் வழக்கம். தயாரித்தவன் ஒருவன், தின்றவன் இன்னொருவன்!

பிசிபியை அழிப்பதும் எளிதல்ல. சாதாரணத் தீயில் எரித்தால் இன்னும் கொடிய டையாக்சின் உண்டாகலாம். 1,100 டிகிரி செல்சியஸுக்கு மேல், குறைந்தது இரண்டு நொடி எரிக்க வேண்டும். அல்லது சோடியத்தைக் கொண்டு குளோரினைப் பிரித்தெடுக்கலாம். 2001-இன் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, பிசிபி கழிவுகளைக் கையாள 2028 வரை கெடு வைத்திருக்கிறது.

எந்த எண்ணெயில் பிசிபி இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பார்க்கலாம்; மூழ்கினால் சந்தேகப்படலாம். மிதந்தாலும் நம்பிவிட முடியாது; சிறிதளவே கலந்திருந்தால் ஆய்வகம்தான் சொல்லும்.