பழைய மடிக்கணினியும் தீவகத்தின் சாட்சியங்களும்: ‘நினைவகம் போதாது’ என்றால் என்ன செய்வது?

1985 மே 15 அன்று, நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் நடந்த படுகொலையில் உயிர்தப்பியவர்கள் முதுமையை எட்டிவிட்டார்கள். 1990 ஆகஸ்டில் மண்டைதீவில் பிள்ளைகளைத் தொலைத்த பெற்றோரின் நிலையும் அதுதான். இத்தகைய நினைவுகளை ஒலிப்பதிவு செய்யும் என்னைப் போன்ற சுயாதீன ஊடகவியலாளர்களுக்குப் பதிவு செய்வதைவிட, அதை எழுத்தாக்குவதுதான் பெரும்பாடு.

இணையச் சேவைகளில் ஏற்றினால் வேலை சுலபம். ஆனால் சாட்சியின் குரலும் பெயரும் யாரோ ஒருவருடைய சேவையகத்துக்குப் போய்விடும். அதனால் நான் பாவிப்பது, ஓபன்ஏஐ நிறுவனம் 2022 செப்டெம்பரில் திறந்த மூலமாக வெளியிட்ட ‘விஸ்பர்’ மென்பொருளை. அதற்குத் தமிழ் தெரியும். ஒருமுறை தரவிறக்கிவிட்டால் இணையமும் தேவையில்லை. ஆனால் 4 ஜி.பி. ரேம் உள்ள பழைய மடிக்கணினியில் ‘அவுட் ஆஃப் மெமரி’ என்று சொல்லி நின்றுவிடும்.

ஏன் நிற்கிறது?

விஸ்பர் வேலை தொடங்குமுன் தன் முழு மாதிரியையும் ரேமில் ஏற்றிக்கொள்ளும். ‘மீடியம்’ மாதிரியில் சுமார் 76.9 கோடி எண்கள் உள்ளன. எண்ணுக்கு 4 பைட் என்றால் அதற்கே 3 ஜி.பி. வேண்டும். மிஞ்சும் 1 ஜி.பி. விண்டோஸுக்கே போதாது. நீண்ட பதிவும் சுமைதான்: ஒரு மணி நேர ஒலி விரிக்கப்பட்டால் சுமார் 230 எம்.பி. இடத்தைப் பிடிக்கும். ஆக, கணினி பழுதாகவில்லை, சுமைதான் கூடிவிட்டது.

என்ன செய்யலாம்?

முதலில் இயங்குதளம் 32 பிட்டா என்று பாருங்கள். 32 பிட் விண்டோஸில் எவ்வளவு ரேம் இருந்தாலும் ஒரு மென்பொருளுக்கு வழக்கமாக 2 ஜி.பி. மட்டுமே கிடைக்கும். கணினி இடம்கொடுத்தால் 64 பிட்டுக்கு மாறுங்கள்.

அடுத்து, ‘விஸ்பர்.சிபிபி’யைப் பாவியுங்கள். அதே மாதிரிகளைச் சிக்கனமாக இயக்க சி++ மொழியில் எழுதப்பட்ட வடிவம் இது. இதில் ‘ஸ்மோல்’ மாதிரிக்குச் சுமார் 850 எம்.பி., ‘மீடியத்துக்கு’ சுமார் 2.1 ஜி.பி. போதும். எண்களைச் சுருக்கிய 5 பிட் வடிவத்தில், 1.5 ஜி.பி. அளவான மீடியம் கோப்பு அரை ஜி.பி. அளவுக்கு இறங்கிவிடும். 4 ஜி.பி. கணினிக்கு என் தெரிவு இதுதான்.

மூன்றாவது, பதிவை 20 நிமிடத் துண்டுகளாக்குங்கள். பேச்சு ஓய்ந்த இடத்தில் வெட்டுங்கள். வசனத்தின் நடுவில் வெட்டினால் அந்த வசனம் சிதையும். உலாவியை மூடிவிடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகும் நின்றால், விண்டோஸின் பக்கக் கோப்பைப் பெரிதாக்கலாம். பழைய வன்தட்டில் அது ஆமை வேகம்தான். இரவில் ஓடவிட்டுப் படுத்தால் விடியும்போது எழுத்து இருக்கும்.

அந்த எழுத்தை நம்பலாமா?

அப்படியே நம்பக்கூடாது. மாதிரி சிறுக்கச் சிறுக்கப் பிழை கூடும். தீவகத்துப் பேச்சுவழக்கும் ஊர்ப்பெயர்களும் முதலில் அடிபடும். அதைவிட ஆபத்தானது, மௌனமான இடங்களிலும் காற்றிரைச்சலிலும் யாரும் சொல்லாத வசனங்களை விஸ்பர் தானாக எழுதிவிடுவது. பிள்ளையின் பெயரைச் சொல்லமுடியாமல் ஒரு தாய் நிறுத்திய இடத்தில், அவர் சொல்லாத ஒரு வசனம் சாட்சியமாகிவிடக் கூடாது. அதனால் நீண்ட மௌனங்களை முன்கூட்டியே குறித்துவையுங்கள். கணினி தந்ததை வரைவாக மட்டும் எடுத்து, ஊர்ப் பேச்சு தெரிந்த ஒருவரோடு இருந்து ஒலியைக் கேட்டுத் திருத்துங்கள். மூல ஒலிப்பதிவை ஒருபோதும் அழிக்காதீர்கள்.