மேடையை விட்டிறங்கிய யமன்

புதுச்சேரி நகரத்தின் வடபகுதியில், கருவடிக்குப்பத்தில், ஒரு நாடகக்காரரின் சமாதி இருக்கிறது. நவம்பர் 13-ஐ ஒட்டி ஆண்டுதோறும் நாடகக் கலைஞர்கள் அங்கே கூடி மாலை போடுகிறார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் என்றதும் இன்று பலருக்கு 2019 நடிகர் சங்கத் தேர்தலில் நின்ற ஓர் அணிதான் நினைவுக்கு வரும்; காலம் ஆடும் கூத்து அப்படி. விவரம் தெரிந்தவர்கள் அவரை நாடகாசிரியர், பாடலாசிரியர், தமிழ் நாடகத்தின் தலைமை ஆசிரியர் என்பார்கள். எல்லாம் சரிதான். ஆனால் அவர் முதலில் நடிகர், அதுவும் பார்த்தவர்களைக் கதிகலங்க வைத்த நடிகர். அவருடைய வாழ்க்கையை ஒரு நடிகனின் வாழ்க்கையாகப் படித்தால்தான் அதிலுள்ள விசித்திரம் பிடிபடும். நடிப்பை உயிராக நேசித்தவர் நடிப்பதை நிறுத்திக்கொண்டார். நிறுத்திய பிறகுதான் அந்தக் கலைக்கு அவர் செய்த பெரிய வேலை தொடங்கியது.

தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867 செப்டம்பர் 7 அன்று பிறந்தவர். தந்தை இராமாயணத்தில் ஊறியவர். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்றதில் வெண்பாவும் சந்தமும் கைவந்தன. பிறகு உப்பளக் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதினார். 24 வயதில், 1891-இல், அந்த வேலையை உதறிவிட்டு நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கியதும் அதே ஆண்டுதான். அங்கே வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் வேலை நேரம் போக மீதி நேரத்தில் வேஷம் கட்டினார்கள். மேடையை விட்டு இறங்கினால் அவர்களுக்குக் கோர்ட்டும் கச்சேரியும் காத்திருந்தன. தொழில்முறை நாடகக்காரனுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. 'கூத்தாடி' என்ற ஏச்சும், ஊர் ஊராகப் போகும் மாட்டுவண்டியும்தான் அவனுக்கு. கணக்குப்பிள்ளை உத்தியோகத்தை விட்டு இதற்கு வந்தவரின் துணிச்சலை அந்தக் காலத்துக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

இரணியன், இராவணன், யமன், சனீஸ்வரன் என்று உக்கிரமான பாத்திரங்களே அவருக்கு அமைந்தன. சாவித்திரி நாடகத்தில் யமனாக வந்து அவர் கர்ஜித்ததைக் கேட்டு அவையிலிருந்த ஒரு பெண்ணுக்குக் கருக் கலைந்தது என்பார்கள். நளன் கதையில் சனீஸ்வரன் வேஷம் கட்டிய இரவு முடிந்து, விடியற்காலையில் வேஷம் கலைக்க நீர்நிலைக்குப் போனவரைக் கண்டு ஒருத்தி உயிரையே விட்டாள் என்றும் ஒரு கதை உண்டு. இவற்றில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு பின்னால் சேர்ந்தது என்று பிரித்தெடுக்க வழியில்லை. பெரிய நடிகர்களைச் சுற்றி இப்படிக் கதைகள் முளைப்பது வழக்கந்தான். நடந்த விஷயம் இதுதான்: அவர் வேஷம் கட்டுவதை விட்டார், சூத்திரதாரராகவும் வாத்தியாராகவும் மாறினார். தன் நடிப்பால் ஓர் உயிருக்குத் தீங்கு வந்தது என்று நம்பிய மனிதர் நாடகத்தையே வெறுத்து ஓடியிருக்கலாம். கொஞ்ச காலம் தலயாத்திரை போனார், துறவியைப் போல வாழ்ந்தார். சுவாமிகள் என்ற பெயரும் நிலைத்தது. ஆனால் மேடையைச் சுற்றியே அவர் கால்கள் திரும்பி வந்தன. புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளையிடம் தாள நுட்பம் கற்றதும் நாடகப் பாட்டுக்குத்தான் பயன்பட்டது.

அன்றைய நாடகத்தின் நோய் அவருக்கு உள்ளிருந்தே தெரியும். வெவ்வேறு ஊர் நடிகர்கள் ஒத்திகை இல்லாமல் ஒரே இரவுக்குக் கூடும் ஸ்பெஷல் நாடகத்தில், கதையை விட்டுவிட்டு ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் போட்டிப் பாட்டிலும் தர்க்கத்திலும் இறங்கிவிடுவார்கள். கைதட்டல் கிடைக்கும், நாடகம் செத்துப்போகும். சுவாமிகள் இதற்கு இரண்டு மருந்து கண்டார். ஒன்று, எழுதப்பட்ட பாடம். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், நல்லதங்காள், சதி சுலோசனா என்று பாட்டும் வசனமும் தீர்மானமாக அமைந்த நாடகங்களை எழுதினார். ஷேக்ஸ்பியரின் சிம்பலைனைக்கூடத் தமிழுக்குக் கொண்டுவந்தார். மற்றது, பாடத்தை மதிக்கப் பழகிய புதிய நடிகர்கள். 1910-இல் அவர் தொடங்கிய சமரச சன்மார்க்க நாடக சபையில் எஸ்.ஜி. கிட்டப்பா பயின்றார். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை. அதில் சேர்ந்த டி.கே. சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. அந்தப் பையன் அபிமன்யுவாக நடிப்பதற்காகவே 'அபிமன்யு சுந்தரி'யை சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று சண்முகம் பதிவு செய்திருக்கிறார். பின்னாளில் அவ்வையாராக நடித்து அவ்வை சண்முகம் ஆனவரும், அவரும் சகோதரர்களும் நடத்திய டி.கே.எஸ். நாடக சபையில் வளர்ந்த என்.எஸ். கிருஷ்ணனும், சிறுவயதில் அங்கே பயின்ற கமல்ஹாசனும் அந்த ஓர் இரவோடு ஏதோ வகையில் தொடர்புள்ளவர்கள்.

வேஷம் கட்டாதவரை நடிப்பின் பக்தர் என்று சொல்வது மிகையில்லையா என்று கேட்கலாம். அவருடைய கடைசி ஆண்டு இதற்குப் பதில். 1921-இல் பக்கவாதம் கையையும் காலையும் நாவையும் கட்டிப்போட்டது. எழுத முடியாது, சொல்லிக்கொடுக்க முடியாது. ஓய்வு எடுத்துக்கொள்ளாமல் கம்பெனியோடே ஊர் ஊராகப் போனார். பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் சபை முகாமிட்டிருந்தபோது, 1922 நவம்பர் 13 இரவு அவர் உயிர் பிரிந்தது. கைதட்டல் இனி தனக்கில்லை என்று ஆன பிறகும் ஒருவரைத் தொழில் பிடித்து வைத்திருந்தால் அதற்குப் பக்தி என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

புராணத்தையும் பதிவிரதைக் கதைகளையும் ஊட்டி மக்களைப் பழமையில் வைத்திருந்தவர்தானே என்பது கனமான ஆட்சேபம். கதைகள் பழையவை, மறுப்பதற்கில்லை. நல்லதங்காளின் துயரத்தில் ஒரு பெண்ணுக்கு வேறு வழி காட்ட அவர் முனையவில்லை. ஆனால் புதுவைக்காரரான பாரதிதாசன் இரணியனை இணையற்ற வீரனாக்கி எழுதிய நாடகம் 1934-இல் மேடையேறியபோது அது அதிர்ச்சி தந்ததற்குக் காரணம், அவையில் இருந்தவர்களுக்குப் பழைய இரணியனைப் பழக்கம் இருந்ததுதான். புராணத்தைக் கவிழ்த்தவருக்கும் புராண மேடை தயார் செய்த ரசிகர்கள் தேவைப்பட்டார்கள். இதைவிட எனக்கு உறுத்துவது, பால சபை போலச் சிறுவர்களை வைத்தே நாடகம் நடத்திய பாய்ஸ் கம்பெனி முறை. தாய் தகப்பனைப் பிரிந்த பிள்ளைகள் இரவு முழுக்க விழித்து உழைத்தார்கள், அடியும் வாங்கினார்கள். மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் நேற்றுவரை கொண்டாடப்பட்ட பையன் திடீரென்று வேண்டாதவன் ஆனான். இன்றைய கண்ணில் அது குழந்தை உழைப்பு. பள்ளிக்கூடம் எட்டாத வீட்டுப் பிள்ளைகளுக்குச் சோறும் தமிழும் இசையும் அங்கே கிடைத்தன என்பது உண்மை. அந்த உண்மை அடியை நியாயமாக்கிவிடாது.

கருவடிக்குப்பத்துக்கு வடக்கே, கடற்கரைச் சாலையில் காலாப்பட்டில் இருக்கும் புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி சுவாமிகளின் பெயரைத் தாங்கியிருக்கிறது. தொடக்க காலத்தில் அதை வழிநடத்தியவர் இந்திரா பார்த்தசாரதி. நவீன நாடகத்துக்கு அங்கே நல்ல பயிற்சி கிடைத்தது. ஆனால் சுவாமிகள் எழுதியவற்றில் ஒரு பகுதிதான் அச்சில் இருக்கிறது. மிச்சம் எங்கேனும் இருக்குமானால், மதுரை, புதுக்கோட்டை வட்டாரத் திருவிழாக்களில் இரவு பத்து மணிக்கு ஆர்மோனியத்தோடு தொடங்கி விடியும்வரை வள்ளி திருமணம் நடத்தும் ஸ்பெஷல் நாடகக்காரர்களின் நெஞ்சில்தான் இருக்கும். ஒத்திகை இல்லாமல் அவர்கள் மேடையேற முடிவதற்கே அந்தப் பாடம்தான் காரணம். அவர்களில் மூத்த சிலரை, பேராசிரியர்களுக்குத் தரும் அதே சம்பளத்துக்கு, ஆண்டில் ஒரு பருவம் அந்த நிகழ்கலைப் பள்ளியில் வகுப்பெடுக்க அழைக்கலாம்.